உங்க ஜோடி ஏறிட்டாரா?

28 ஜனவரி 2007, ஞாயிறு. கொடைக்கானல்.

நேற்று எங்கள் பள்ளி ஆசிரியர்களோடு புதுச்சேரியைச் சுற்றிப் பார்த்தேன். மலையேறி வீடு வந்த பிறகும் உடம்பு இன்னும் வேனுக்குள் இருப்பதுபோல் ஆடிக்கொண்டேயிருக்கிறது.

ஒவ்வோர் இடத்திலும் ஆள் எண்ண வழிகாட்டிக்குச் சோம்பல். இருவர் இருவராக ஜோடி சேர்த்துவிட்டான். எனக்கு வாய்த்தவர் தலைமையாசிரியர் செல்வராஜ். எனக்கு வர வேண்டிய பதவியைத் தட்டிப் பறித்தவர். ஆறு வருடமாக நான் அவரோடு பேசுவதில்லை.

கடற்கரையிலிருந்து கிளம்பும்போது, "சார், உங்க ஜோடி ஏறிட்டாரா?" என்று வழிகாட்டி கேட்டான். திரும்பிப் பார்த்தால் அவரைத் தேடுவதாக ஆகிவிடும். "ஏறிட்டார்" என்றேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். மெர்சி டீச்சர் கத்தினார்: "ஐயோ, எச்.எம். சாரைக் காணோம்ங்க!"

திரும்பிப் போனோம். உச்சி வெயிலில், கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, கடலோரச் சுவரில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை நோயாளி. மாத்திரையும் செல்போனும் வேனில் இருந்த பையில். ஏறியதும் பையைத் திறந்து மாத்திரையைத் தேடினார். வழிகாட்டி எல்லோர் முன்னாலும் என்மேல் பாய்ந்தான்.

"சாரை வையாதீங்க தம்பி. நாந்தான் சொல்லாமக் கொள்ளாம டீ குடிக்கப் போயிட்டேன்" என்றார் செல்வராஜ்.

பெருந்தன்மை என்ற பெயரும் அவருக்கே போயிற்று. நாளை அவர் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆறு வருடம் கழித்துப் பேசும் முதல் பேச்சு அதுவாகவா இருக்க வேண்டும்?