கஜனின் கோடிங்கும் என் படமும்

14 ஆகஸ்ட் 2012, செவ்வாய். மெல்பர்ன்.

இன்று ஒரு பல் கிளினிக்காரர்களுக்கு அவர்களுடைய புது வெப்சைட்டைக் காட்ட வேண்டியிருந்தது. அதன் முகப்புப் பக்கம் எப்படி இருக்கும் என்று போட்டோஷாப்பில் நாள்கணக்கில் வரைந்த படத்தை நான் திறப்பதற்கு முன்பே, கூட வேலை செய்யும் கஜன் தன் லேப்டாப்பை அவர்கள் பக்கம் திருப்பினார். அதே பக்கத்தை, நான் தேர்ந்தெடுத்த நிறங்களோடு, கோடிங் எழுதியே உருவாக்கியிருந்தார். போன் அளவுக்குச் சுருக்கினால் எல்லாம் தானாகவே ஒழுங்காக அமர்ந்தது. அவர்களுக்கு ஒரே சந்தோஷம். என் படத்தை யாரும் கேட்கவில்லை.

வேலை முடிந்து டிராம் ஸ்டாப்பில் கஜனிடம் கேட்டே விட்டேன். "எனக்குத் தெரியாம ஏன் செஞ்சீங்க?"

"மனேஜர்தான் செய்யச் சொன்னவர், அக்கா. உங்களுக்கும் சொல்லியிருப்பார் எண்டு நினைச்சனான்."

மானேஜர் சொல்லவில்லை. காலையில் என்னைப் பார்த்துச் சிரித்ததோடு சரி.

"நான் உங்களுக்குக் கோடிங் பழக்கிறன். நிறங்களை எப்பிடித் தெரிவு செய்யிறது எண்டு நீங்கள் எனக்குச் சொல்லித் தாங்கோ" என்றார் கஜன்.

அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அதையும் அவர் கற்றுக்கொண்டால் அந்த ஆபீசில் எனக்கு என்ன வேலை? இதையும் மானேஜர்தான் கேட்கச் சொல்லியிருப்பாரோ?

சரி என்று சொல்லிவிட்டேன். நிறத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.