வாசலில் எடுக்காமல் கிடக்கும் பை

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. 'இங்கு அனைவரும் நலம்' என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அடுத்த வரியிலேயே பொய் பிடிபட்டுவிடும் என்பதால் விட்டுவிட்டேன். நீங்கள் அங்கே நலமாக இருக்கவேண்டும். இப்போதைக்கு நான் மனதாரச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

இதைத் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். கப்பல் கரைப்பக்கம் வந்து சிக்னல் கிடைக்கும்போது உங்கள் போனில் வந்து விழும். எழுதுவானேன், பேசியே அனுப்பலாமே என்று பாப்பா கேட்டாள். பேசினால் நடுவில் இருமல் வரும். சொன்ன விஷயத்தை விட்டுவிட்டு நீங்கள் இருமலையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

ஆமாம், எனக்கு இருமல். காய்ச்சலும் வந்து வந்து போகிறது. மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போயிருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. நான் நம் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறேன். வெளிக்கதவில் வார்டு ஆபீஸ்காரர்கள் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். பாப்பா நன்றாக இருக்கிறாள். தட்டை ஸ்டூலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு ஓடிவிடுகிறாள். காலேஜுக்குப் போகிற பெண் இப்படி விழுந்தடித்து ஓடுவதைப் பார்த்து முதல் நாள் சிரித்தேன். இப்போது அந்தக் காலடிச் சத்தம் அடங்கும்வரை கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேன் சாவியையும் அவள் எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். அம்மாவை அவளுக்கும் தெரியும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் நான் பயப்படுவது எனக்காக இல்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படிக்கும்போது கோபம் வந்தால் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

பள்ளிக்கூடங்களை மூடியதும் ஸ்கூல் வேன்களெல்லாம் சும்மா நின்றன இல்லையா? வார்டு ஆபீஸில் கூப்பிட்டார்கள். தனியாக இருக்கும் வயதானவர்கள் வெளியே வரக்கூடாது, அவர்களுக்கு மளிகை சாமான் கொண்டுபோய்க் கொடுக்க வண்டி வேண்டும் என்றார்கள். இதுவரைக்கும் உங்களுக்குத் தெரியும். தெருக்களைப் பிரித்துக் கொடுத்தபோது உங்கள் அப்பா இருக்கும் தெரு என் பங்கில் வந்ததுதான் உங்களுக்குத் தெரியாது. நம் ஹாரனிடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். அவர்தான், சும்மா நிற்கிற மாட்டைப் பார்த்துக்கூட ஹாரன் அடிக்கிற அந்த இன்னொரு வேன்காரர். நான் மாற்றிக்கொள்ளவில்லை. அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்டது நீங்கள். நான் எதுவும் போடவில்லை.

வேலை சுலபம். பையை வாசலில் வைத்து, மணி அடித்துவிட்டு, ரோட்டுக்கு வந்து நிற்கவேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்டதும் கிளம்பலாம். கிட்டே போகக்கூடாது, உள்ளே போகவே கூடாது. முதல் நாள் முழுக்க ஒழுங்காகத்தான் செய்தேன். ஆனால் எத்தனை வருஷமாக வேன் ஓட்டுகிறேன்! பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போகிற டிரைவர் டிரைவரே இல்லை. வீட்டு ஆள் முகத்தைப் பார்த்து, கையைப் பிடித்துக் கையில் கொடுத்த பிறகுதான் அடுத்த கியர். அந்தப் பழக்கம் காலில் ஊறிப்போய்விட்டது. பையை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்தால் யாரையோ அநாதையாக விட்டுவிட்டுப் போகிற மாதிரி ஒரு தவிப்பு. எல்லார் வீட்டிலும் அதை அடக்கிக்கொண்டேன். மாமா வீட்டில் அடக்க முடியவில்லை.

காரணம் இருக்கிறது. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் குனிய முடியாது. உங்களுக்கு இது தெரியாதில்லையா? எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கதவைத் திறந்து பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாய்க்கு வைக்கிற மாதிரி கீழ வச்சிட்டு அங்க போய் நின்னா நான் என்ன வாலையா ஆட்டுறது" என்று கேட்டார். முகக் கவசத்துக்குள்ளேயே சிரித்துவிட்டேன். பையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அடுத்த தடவை கனமாக இருக்கிறது என்று சமையலறை மேடைவரைக்கும் கொண்டுபோய் வைத்தேன். அதற்கடுத்த தடவை சிங்க்கில் கிடந்த பாத்திரத்தையும் தேய்த்துவிட்டு வந்தேன்.

பஸ் ஓட்டின மனுஷன் இல்லையா, என் வேன் தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். நான் இறங்குவதற்குள் கதவு திறந்திருக்கும். என்னைப் பார்த்ததும் முதல் பேச்சே கிளட்சைப் பற்றித்தான். "கிளட்ச் மேலயே கால வச்சிட்டு ஓட்டாத, தேஞ்சிடும்" என்பார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஆனால் நடுக்கடலில் நிற்கிற கப்பல்களைப் பற்றி ரேடியோவில் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பிப்பார். அப்பனும் பிள்ளையும் ஒரே அச்சு என்று நினைத்துக்கொள்வேன்.

போன தடவை போனபோது முடி காதுவரைக்கும் வளர்ந்து ஆளே பரிதாபமாக இருந்தார். சலூன்களெல்லாம் மூடிக் கிடக்கின்றன. நானே வெட்டிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று முறைத்துவிட்டு, போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பிடரியைப் பிடித்து, காதை மடக்கி, முகத்துக்கு நேராகக் குனிந்து வெட்டினேன். வியர்த்துக் கொட்டியதால் முகக் கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டேன். அப்போதுதான் கேட்டார், "அங்க அவனுக்கு முடி வெட்ட ஆள் இருக்கா?" இருக்கிறது மாமா என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அடுப்பில் பால் பொங்கி, வற்றி, அடிப்பிடித்துத் தீய்ந்துபோனது. பாப்பா மாடியிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. வெங்காயத்தை எடுத்து முகர்ந்தேன். சோப்பை, பெட்ரோல் பட்ட துணியை முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. என்ன நடந்திருக்கிறது என்று அங்கேயே புரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனதில் இருந்ததெல்லாம் அந்தப் பிடரி ஒன்றுதான்.

மறுநாளே ஆபீஸில் சொல்லிவிட்டேன். என் தெருக்களை ஹாரனிடம் கொடுத்தார்கள். பையை வாங்கிக்கொண்ட பெரியவர்களுக்கெல்லாம் தகவல் சொல்லிவிடுகிறோம் என்றார்கள். சொன்னார்களா, அவர்களுக்கிருக்கிற ஓட்டத்தில் விட்டுப்போயிற்றா, தெரியவில்லை. மாமாவுக்கு நானே போன் செய்தேன். அவர் பேசி முடித்ததும் போனை அணைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிற ஆள். இன்றுவரை அணைத்துத்தான் இருக்கிறது.

ஹாரனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், அந்த வீட்டுப் பெரியவரால் குனிய முடியாது என்று. சொன்னால் நான் விதியை மீறி உள்ளே போய்வந்தது தெரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு எங்கிருந்துதான் அந்தப் புத்தி வந்ததோ.

இன்று காலையில் மாமாவின் எதிர்வீட்டு மாடியில் இருக்கும் தையல்காரர் போன் செய்தார். நேற்று ஹாரன் வைத்துவிட்டுப் போன பை மாமா வீட்டு வாசலில் அப்படியே கிடக்கிறதாம். காக்கை பால் பாக்கெட்டைக் கொத்தி, பால் படியெல்லாம் வழிந்து காய்ந்துவிட்டதாம். கதவு திறக்கவே இல்லையாம். அவரால் போய்ப் பார்க்க முடியாது. மனைவிக்குச் சிறுநீரகம் பழுது, ஒரு தும்மல் வீட்டுக்குள் வந்தாலும் ஆபத்து. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் வேன் சத்தம் கேட்கவில்லை என்று கதவைத் திறக்காமல் வீம்பாக உட்கார்ந்திருக்கிறாரா? குனிய முடியாமல் பையைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய்விட்டாரா? இல்லை, எழுந்தே வரமுடியாமல் கிடக்கிறாரா? காலையிலிருந்து இந்த மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஹாரனை உடனே போகச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, வீட்டில் கைக்குழந்தை. தயங்கினார். அப்புறம் போகிறேன் என்றார். இன்னும் அவரிடமிருந்து போன் இல்லை. ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடக்கிறேன், நாலு நடைக்கே மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்துவிடுகிறேன்.

உட்கார்ந்தால் உங்கள் அம்மா ஞாபகம் வருகிறது. அப்போதும் நீங்கள் கடலில்தான் இருந்தீர்கள். நீங்கள் கரை சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கப்பல்தானே உனக்குப் பெரிசு என்று வாசலில் வைத்து மாமா கேட்டதும், நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி வந்ததும் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. அவர் கேட்டது தப்பு. நீங்கள் திரும்பி வந்ததும் தப்பு. இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும், உங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்து சொல்லவில்லை.

ஹாரன் கூப்பிடுகிறார். நிறுத்துகிறேன்.

உங்கள் மனைவி


அன்புள்ள உங்களுக்கு,

நேற்று அனுப்பியதற்குப் பக்கத்தில் இன்னும் ஒற்றை டிக்தான் இருக்கிறது. இரண்டு கடிதமும் சேர்ந்தே வரும். நேற்றையதை முதலில் படியுங்கள்.

மாமா இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். முதலில் மூச்சை விட்டுக்கொள்ளுங்கள்.

ஹாரன் போய் வாசலில் நின்று தன் பெயருக்கேற்றபடி அடித்துத் தள்ளியிருக்கிறார். தெருவே எட்டிப் பார்த்ததாம், மாமா மட்டும் வரவில்லை. கடைசியில் ஒரு குச்சியால் ஜன்னலைத் தட்டியிருக்கிறார். ரொம்ப நேரம் கழித்து மாமா வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். "இது அவ வண்டி இல்லியே. அவ வரட்டும், வாங்கிக்கிறேன்" என்றாராம். அந்த ஒரு பேச்சைச் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் நடுவில் நின்று மூச்சு வாங்கியிருக்கிறது. காய்ச்சலா என்று கேட்டதற்கு வெயில் என்றாராம். ஹாரன் அங்கிருந்தே ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டார். இனி அவரை ஹாரன் என்று கிண்டல் செய்ய மாட்டேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் பிடிக்க வந்தால் கையைத் தட்டிவிட்டுத் தானே நடந்து போனாராம். ஏறுவதற்கு முன்னால் அந்த டிரைவரை, வண்டியை இப்படியா கோணலாக நிறுத்துவது என்று திட்டியிருக்கிறார். அதைக் கேட்டு நானும் பாப்பாவும் கதவுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாகச் சிரித்தோம். அப்புறம் அவள் அழுதாள். நான் அழவில்லை, அழுதால் இருமல் வருகிறது.

ஏறின பிறகு ஹாரனைக் கூப்பிட்டு, ஏன் வரவில்லை என்று என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். இந்த மனுஷனுக்குச் சமாளிக்கத் தெரியுமா? உள்ளதைச் சொல்லிவிட்டார். அதற்கு மாமா சொன்னதை ஹாரன் அப்படியே என்னிடம் சொன்னார்: "எனக்கு முடி வெட்ட வந்தாளே, அதுக்கு முன்னாடியே தொண்டை கரகரன்னுதான் இருந்துச்சு. நான்தான் அவகிட்ட சொல்லல. என்கிட்டேருந்துதான் அவளுக்குப் போயிருக்கும். அவகிட்ட சொல்லிடு."

உண்மையாகவே அப்படித்தானா, இல்லை, நான் மனம் ஒடிந்துபோய்விடக்கூடாது என்று சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. அன்று முடி வெட்டும்போது இருமினாரா, தொண்டையைச் செருமினாரா என்று எத்தனை தடவை யோசித்துப் பார்த்தாலும் பிடிபடவில்லை. உங்களுக்குத் தெரியும், அவர் யாரிடமும் தன்மேல் தப்பு என்று சொன்னதே கிடையாது. என்னிடம் சொல்லியனுப்பியிருக்கிறார்.

ஆஸ்பத்திரி வார்டில் இருக்கும் நர்ஸ் ஒருத்தி நல்ல பெண். காலையில் பேசினாள். மூக்கில் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம். பேச முடியாது, ஆனால் கேட்கிறது, போனைக் காதருகில் பிடிக்கிறேன் என்றாள். இன்றைக்கும் நாளைக்கும் எப்படிப் போகிறது என்று பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பயம்.

எனக்கும் முடிவு வந்துவிட்டது. நினைத்தபடிதான். ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை என் விரலில் மாட்டிப் பார்க்கச் சொல்லி பாப்பா எண்ணைக் கேட்கிறாள். நான் ஒரு எண்ணைக் கூட்டிச் சொன்னேன், கதவைத் திறந்து படம் எடுத்துப் பார்த்துவிட்டாள். யாருக்கோ போன் செய்துகொண்டிருக்கிறாள். நீங்கள் அதைப் பற்றி நினைக்க வேண்டாம். எழுத்து கோணலாக இருப்பது படுத்துக்கொண்டு எழுதுவதால்தான்.

வண்டிக் கதவைச் சாத்தும்போது மாமா இன்னொன்றும் சொன்னாராம். "பையனுக்குச் சொல்லிடாதீங்க. கடல்ல இருக்கிறவன் என்ன பண்ணுவான், பாவம்." நான் சொல்லிவிட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லி அவரிடம் பிறகு கேட்டுக்கொள்கிறேன்.

நர்ஸின் எண்ணைத் தனியாக அனுப்புகிறேன். சிக்னல் கிடைத்த அந்த நிமிஷமே அங்கே கூப்பிடுங்கள். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். பழசு எதையும் எடுக்க வேண்டாம், சமாதானமும் சொல்ல வேண்டாம். அப்பா என்று ஒரு தடவை கூப்பிடுங்கள், போதும். அவருக்குக் கேட்கும்.

எனக்கு அதற்கப்புறம் கூப்பிட்டால் போதும். நான் எடுக்காவிட்டால் பதறாதீர்கள், பாப்பா எடுப்பாள்.

போகிற கரையெல்லாம் உங்களுக்கு நல்ல கரையாக இருக்கட்டும். காற்றும் தண்ணீரும் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

என்றும் உங்கள்,
மனைவி