பேட்டரி ஈயம்

2008 மார்ச் 12, புதன். ராமநாதபுரம்.

இன்று பாம்பனில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் புது யு.பி.எஸ். பேட்டரிகள் மாட்டினேன். பழையதைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று பச்சை இலை போட்டு எங்கள் கம்பெனி பேட்டரிப் பெட்டியில் அச்சடித்திருக்கிறது. அதற்கு வண்டி வந்ததே இல்லை. பழையதெல்லாம் சென்டருக்குப் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போகிறதாம்.

போய்ப் பார்த்தேன். ஆசிட்டைக் கிணற்றடி மணலில் ஊற்றிவிட்டு, வலைக்குக் குண்டு வார்க்க ஈயத்தை வாணலியில் உருக்கிக்கொண்டிருந்தார். அதே மணலில்தான் கருவாடு காய்ந்தது.

"அது விஷம்க்கா. கிணத்துத் தண்ணியும் கெட்டுப்போயிரும்."

"அப்ப நீங்களே எடுத்துட்டுப் போங்க தம்பி. எங்க கொண்டுபோய்ப் போடுவீக?"

மேனேஜருக்குப் போன் போட்டேன். "வித்ததோட நம்ம வேலை முடிஞ்சுது. பேசாம வா" என்றார்.

கிளம்பும்போது அக்கா ஒரு பை கருவாடு கொடுத்தார். மறுக்க மனசு வரவில்லை. பாலம் தாண்டியதும் எறியலாமென்று வண்டியை நிறுத்தினேன். எங்கே எறிவது? கடலிலா?

வீட்டுக்கு வந்தும் பையை வண்டியிலேயே விட்டிருந்தேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் மனைவி சுமதி எடுத்துக் குழம்பு வைத்துவிட்டாள். வேண்டாமென்றால் ஏனென்று கேட்பாள். முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கும். எனக்குப் பசியில்லை என்று மட்டும் சொன்னேன்.

பிள்ளை இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.