இருபத்தொன்றும் கருப்பு

ஜூலை 9, 2024, செவ்வாய்

பள்ளி விடுமுறை. பேருந்து ஓட்டும் வேலை இல்லை. பேஸ்மென்ட் படி இறங்கினால் முழங்கால் இன்னும் முனகுகிறது. என் பெண் போவாப் பாம்பு பீச்சஸ் மூன்று நாளாகப் பெட்டிக்குள் ஓரிடத்தில் படுக்கவில்லை. இந்த வாரம் குட்டி போட்டுவிடுவாள்.

பாம்பு வளர்க்கும் நண்பன் டெல்பர்ட் தினமும் போன் செய்து கேட்கிறான். ஆண் பாம்பு அவனுடையது. நவம்பர் முதல் ஜனவரி வரை இங்கே கடனாக விட்டிருந்தான். குட்டிகளில் சரிபாதி அவனுக்கு, முதலில் எடுப்பதும் அவன்தான். எங்கள் மன்சி ஊரில் போவா வளர்க்கிற எல்லோருக்கும் இதுதான் வழக்கம்.

பீச்சஸும் வெள்ளை, அவனுடைய டீக்கனும் வெள்ளை. பிறப்பதெல்லாம் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

இருபத்தொன்று. எல்லாம் உயிரோடு. எல்லாம் கருப்பு.

ஒன்றுகூட வெள்ளை இல்லை. டார்ச் அடித்து ஒவ்வொன்றாகக் கண்ணைப் பார்த்தேன். ஒன்றுக்கும் சிவப்புக் கண் இல்லை.

இதற்கு ஒரே காரணம்தான் உண்டு. வெள்ளைப் போவாவில் இரண்டு வம்சம் பரவலாக உண்டு: கஹ்ல், ஷார்ப். பார்வைக்கு அக்கா தங்கை. ஆனால் ஒன்றோடொன்று சேர்த்தால் வெள்ளை மறைந்துபோய், குட்டி எல்லாம் காட்டுப் பாம்பின் கரும்பழுப்பு நிறத்தில் வரும். என் பீச்சஸ் கஹ்ல். என் வீட்டிலேயே பிறந்து நான் வளர்த்தவள். அப்படியானால் டீக்கன்?

போன் செய்தேன்.

"எல்லாமே கருப்பா? ஒண்ணுகூட இல்லியா?"

"ஒண்ணுகூட இல்லை."

எதற்கெடுத்தாலும் சிரிப்பவன் இன்று சிரிக்கவில்லை. கடைசியில், "நாளைக்குப் பேசறேன், லோர்னா" என்று வைத்துவிட்டான். குற்றமில்லாதவன் எதற்கு நாளை வரை யோசிக்க வேண்டும்?

ஜூலை 15, திங்கள்

இரண்டு நாளாக வேறு ஒன்று அரிக்கிறது. போன அக்டோபரில் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போனபோது பாம்புகளைப் பார்த்துக்கொண்டவன் அவன். இரண்டு வாரம் என் வீட்டுச் சாவி அவனிடம். பீச்சஸை எடுத்துக்கொண்டு வேறு வெள்ளையை வைத்துவிட்டுப் போயிருந்தால்?

பழைய படங்களைத் தேடி எடுத்தேன். நிறம் வயதோடு மாறும், திட்டுகள் மாறாது. வாலிலிருந்து மூன்றாவது திட்டில் நடுவே உடைந்த வளையம். குட்டியாக இருந்த 2018 ஜூலைப் படத்திலும் அதேதான். இவள் பீச்சஸ்தான்.

சரி, இது இல்லை. அப்படியானால் ஆண் பாம்புதான் ஷார்ப். விஷயம் தெரிந்தே கொடுத்திருக்கிறான்.

ஜூலை 17

சாவி இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.

ஜூலை 18, வியாழன்

பின்கதவுப் பூட்டை மாற்றினேன்.

ஜூலை 19, வெள்ளி

மதியம் அவன் வண்டி வந்தது. நான் மாடித் திரைக்குப் பின்னால் நின்றேன். பின்கதவருகே இரண்டு நிமிடம் நின்று ஏதோ செய்துகொண்டிருந்தான். பூட்டைச் சோதிக்கிறானா? பிறகு மணி அடித்தான். நான் திறக்கவில்லை.

போனபின் பார்த்தால் படியில் ஒரு பெட்டி. பாம்புத் தீனிக்கு உறைந்த எலிகள். மாதாமாதம் எனக்கும் சேர்த்து வாங்கி வருவது அவன் பழக்கம்தான். ஆனால் இன்றைக்கு எதற்கு? உள்ளே வர ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். எடுக்கவே மனம் வரவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாம் உருகி நாறிவிட்டது. குப்பையில் போட்டேன்.

ஜூலை 20, சனி

பாம்பு வளர்ப்போர் சங்கக் கூட்டம், வழக்கம்போல பான்கேக் கடையின் பின்னறையில். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஷார்ப் ஆண் பாம்பை கஹ்ல் என்று கடன் கொடுத்து என் ஒரு வருட உழைப்பைப் பாழாக்கினான் என்று. குரல் நடுங்கவில்லை. நடுங்கக்கூடாது என்று வண்டியிலேயே பேசிப் பார்த்திருந்தேன்.

டெல்பர்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"லோர்னா, 2018 ஜூன் மாசம் ஞாபகம் இருக்கா உனக்கு?"

"பேச்சை மாத்தாதே."

"சரி. மாத்தல."

தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாதிப் பான்கேக் தட்டிலேயே இருந்தது. சங்கத் தலைவி ரோண்டா, "விஷயம் தெளிவாகிற வரைக்கும் செப்டம்பர் பாம்புக் கண்காட்சியில அவருக்கு விற்பனை மேசை கிடையாது" என்றாள். நியாயம்தானே. பதினோரு வருடமாக அவன் மேசையும் என்னுடையதும் பக்கத்துப் பக்கத்தில்.

வீட்டுக்கு வந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

டீக்கன் ஜனவரியில் இங்கே உரித்த சட்டை கோப்பில் பத்திரமாக இருக்கிறது. மரபணுச் சோதனைக்கு அனுப்பினேன். பீச்சஸின் சட்டையையும் சேர்த்தே அனுப்பினேன். இவள் ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்டாள் என்று நாளை யாரும் சொல்லக்கூடாது.

ஆகஸ்ட் 2

முடிவு வரவில்லை. தபால்காரி டெல்பர்ட்டின் மைத்துனி. அதையும் யோசிக்கத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

முடிவு வந்துவிட்டது.

டீக்கன்: கஹ்ல். பீச்சஸ்: ஷார்ப்.

தாளைத் திருப்பிப் போட்டிருக்கிறார்களோ என்று சோதனைக்கூடத்துக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் பொறுமையாக எண்களைப் படித்துக் காட்டினாள். எல்லாம் சரிதான்.

பீச்சஸ் எப்படி ஷார்ப்? நான் பார்த்துப் பிரித்தவள் —

பிரித்தவள்.

2018 குறிப்பேட்டை எடுத்தேன். ஜூன் 10. புயலில் மின்சாரம் போய், தண்ணீரை வெளியேற்றும் மோட்டார் நின்று, பேஸ்மென்டில் முழங்கால் வரை வெள்ளம். இரண்டு ஈற்றுக் குட்டிகள், பிறந்து ஒரு வாரம். டெல்பர்ட்தான் வந்து தூக்கினான். கஹ்ல் ஒரு தலையணை உறையில், ஷார்ப் இன்னொன்றில். குளியல் தொட்டிக்குள் வைத்தோம். நான் போட்ட முடிச்சு இரண்டும் அவிழ்ந்துவிட்டன. முப்பத்து மூன்றும் ஒரே குவியல்.

என் கையெழுத்து: "19 கஹ்ல், 14 ஷார்ப். கண்ணால் பிரித்தது."

ஓரத்தில் பென்சிலால், அவன் கையெழுத்து: "கண்ணாலா?"

ஆகஸ்ட் 10, சனி

அன்னிக்கே சொன்னானே. ஈரச் சட்டையோட தரையில உக்காந்துக்கிட்டு, "எல்லாத்துக்கும் 'தெரியாது'ன்னு எழுது, லோர்னா. அவமானம் ஒண்ணும் இல்லை"ன்னான். எனக்கு ரோஷம். இருபது வருஷமா வளர்க்கிறவ, சிவப்பு தூக்கலா இருந்தா ஷார்ப், வெளுப்பா இருந்தா கஹ்ல்னு எனக்குத் தெரியாதான்னு கேட்டேன். ஒரு வாரக் குட்டியில என்ன தூக்கல், என்ன வெளுப்பு?

அந்தக் குவியலில் பதின்மூன்றை கஹ்ல் என்று விற்றிருக்கிறேன். ஃபோர்ட் வெய்ன் ஊரிலிருந்து, என்னிடம் வாங்கிய ஒருவர் இரண்டு வருடம் முன் போன் செய்து, குட்டி எல்லாம் கருப்பு என்றார். உங்கள் ஆண் பாம்புதான் சரியில்லை என்று சொல்லி வைத்தேன். அவர் மன்னிப்புக் கேட்டார். என்னிடம்.

டெல்பர்ட்டுக்கு அன்று போனிலேயே புரிந்திருக்கும். அதனால்தான் சிரிக்கவில்லை. சங்கத்தில் ஒரு வார்த்தை விரித்துச் சொல்லியிருந்தால் என் பெயர் அங்கேயே போயிருக்கும். சொல்லாமல் எழுந்து போனான். வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அவன் வீட்டுக்குப் போனேன். பின்புறம் பாம்புப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"சோதனை வந்திருச்சா?"

"வந்திருச்சு. உன்னோடது சரி. தப்பு என்னோடது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா அன்னிக்குச் சும்மா போனே?"

"ஆரம்பிச்சேன். பேச்சை மாத்தாதேன்னுட்டே." குழாயை மூடினான். "அதுகூடப் போகட்டும். அன்னிக்கு எலி கொண்டாந்தேன். சாவி திரும்பல. சாவிதான் தேஞ்சிருச்சோன்னு சட்டையில துடைச்சுத் துடைச்சுப் போட்டுப் பார்த்தேன், கிறுக்கன் மாதிரி. அப்புறம்தான் மேல திரை ஆடினதைப் பார்த்தேன்."

மன்னித்துவிடு என்றேன். அவன் மறுபடி குழாயைத் திறந்தான்.

ஆகஸ்ட் 19

பள்ளி தொடங்கிவிட்டது. பதின்மூன்று பேரில் பதினொருவரைப் பிடித்துச் சொல்லிவிட்டேன். ஃபோர்ட் வெய்ன் ஊர்க்காரருக்குத்தான் முதலில். சங்கத்துக்கு நானே கடிதம் எழுதினேன். ரோண்டா அதைப் படித்துவிட்டு, "இதை எல்லாருக்கும் அனுப்பணுமா, லோர்னா? ரொம்பக் கடுமையா எழுதியிருக்கீங்களே" என்றாள். அனுப்பச் சொன்னேன்.

செப்டம்பர் 14, சனி

கண்காட்சி. அவன் மேசையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவன் வரவில்லை. பக்கத்து மேசை நாள் முழுக்கக் காலி. அவனுக்கு உரிய குட்டிகளையும் இன்னும் எடுத்துப் போகவில்லை. பத்தோ பதினொன்றோ, அவன் எடுப்பதுதான் முதலில். அதனால் நான் ஒன்றையும் விற்கவில்லை.

செப்டம்பர் 16

புதுச் சாவிக்கு நகல் எடுத்து அவனுக்குத் தபாலில் போட்டேன். கடிதம் எழுதி, கிழித்து, எழுதி, கடைசியில் சாவி மட்டும்.

அக்டோபர் 21

பதில் இல்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

நவம்பர் 1, வெள்ளி

மாலைப் பேருந்துச் சுற்று முடித்து வந்தேன். பின்படியில் ஒன்றும் இல்லை, கதவும் பூட்டியபடிதான். பேஸ்மென்டுக்குப் போய் எலி எடுக்க ஃப்ரீசரைத் திறந்தால், நேற்று காலியாக இருந்த கீழ்த்தட்டு நிறைந்திருக்கிறது. அளவுவாரியாகப் பிரித்து, சிறியது இடப்பக்கம், பெரியது வலப்பக்கம். ஒன்றும் உருகவில்லை. சீட்டு எதுவும் இல்லை.

குட்டிகளை எண்ணினேன். இருபத்தொன்றில் பதினொன்று இருக்கின்றன.