ஓபல் அம்மாள் ஒட்டிய வெள்ளை நாடா

அன்புள்ள அப்பாவுக்கு, லோரீனின் வணக்கம்.

முழங்கால் வலி குறைந்ததா? நெப்ராஸ்காவில் குளிர் தொடங்கிவிட்டது. நான் நலமே.

சனிக்கிழமை இங்கே கல்லூரி ஃபுட்பால், கையால் பந்தைப் பிடித்து ஓடும் அமெரிக்க ஆட்டம். வரவேண்டிய கோட்டு நடுவருக்குக் காய்ச்சல்; பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித்தருகிறவள்தானே என்று அவர் இடத்தில் என்னை நிறுத்தினார்கள். கடைசி நொடியில், நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் ஓபலின் மகன் டேரல், எதிராளிக்குப் போக்குக் காட்டக் கோட்டுக்கு வெளியே ஓடி, மறுபடி உள்ளே வந்து பந்தைப் பிடித்துவிட்டான். ஊரே துள்ளியது. எதிராளி தள்ளி வெளியே போனால் குற்றமில்லை. தானாகப் போனவன் திரும்பி வந்து முதல் ஆளாகப் பந்தைத் தொடக்கூடாது. செல்லாது என்றேன். தோற்றோம்.

"அவனத் தள்ளிட்டாங்கம்மா!" என்று கத்தினார் பயிற்சியாளர்.

"யாரு தள்ளினா?"

"காத்து!"

வீட்டுக்கு வந்தால், ஃபிரிட்ஜுக்கு முன்னால் தரையில் வெள்ளை நாடா ஒட்டியிருந்தது.

"நீயா இதத் தாண்டினா, உள்ள எதையும் தொடக்கூடாது, ஆமா!" என்றார் ஓபல்.

அன்றிலிருந்து எனக்கு வெறும் ரொட்டிதான். நேற்று டேரலே, "நானாத்தாம்மா வெளிய ஓடினேன், அக்காவ விடு" என்று சொல்லிவிட்டான். ஓபல் என் பின்னால் வந்து, இரண்டு கையாலும் என்னை நாடாவுக்கு அப்பால் தள்ளினார்.

"எதிராளி தள்ளினா குத்தமில்லல்ல? கறி இருக்கு, எடுத்துத் தின்னு."

சிரித்தேன் அப்பா. கண்ணும் லேசாகக் கலங்கியது.

நீங்கள் போடும் வெண்டைக்காய் ஊறுகாய் ஒரு புட்டி அனுப்புங்கள். ஞாயிறு அழைக்கும்போது சீக்கிரம் போனை வைத்துவிடாதீர்கள். பள்ளிப் பேருந்து ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
லோரீன்