கப்பலில் எனக்கும் சரசுவுக்கும் ஓர் அறை

நவம்பர் 3, திங்கள்

விடியலிலிருந்து தூறல். கொடியில் போட்ட துணி காயவில்லை.

நடந்த அநியாயத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எனக்கும் சரசுவுக்கும் கல்யாணமாகி ஐம்பது வருடம் ஆனதற்காகத்தான் பிள்ளைகள் இந்தக் கப்பல் பயணம் போடுகிறார்கள். அந்தக் கப்பலில் எங்கள் இரண்டு பேரையும் வேறு வேறு அறையில் போட்டுவிட்டான் மகன் செந்தில்.

பெங்களூரிலிருந்து காலை ஒன்பது மணிக்குப் போனில் பட்டியல் அனுப்பினான்.

அறை 1, ஆண்கள்: நான், செந்தில், மாப்பிள்ளை.
அறை 2, பெண்கள்: சரசு, மகள் சுமதி, மருமகள் திவ்யா.

கல்யாண மண்டபத்தில் பிரிப்பது போல. இரண்டும் பால்கனி வைத்த அறையாம். மூன்றாவது ஆளுக்கு மேலேயிருந்து இழுத்துவிடும் கட்டிலாம், ஏணி போட்டு ஏற வேண்டும். ஜனவரியில் கொச்சியில் ஏறி, நான்கு இரவு.

உடனே கூப்பிட்டேன். "அம்மாவுக்கு முட்டி வலிங்கப்பா. சுமதி கூட இருந்தா பாத்துக்குவா. நீங்க நடுவுல எந்திரிச்சா நான் இருக்கறேன். ஆடி மாசம் பாத்ரூம்ல வழுக்குனதை மறந்துபோட்டீங்களா?"

மறக்கவில்லை. வழுக்கியது செருப்பு, நான் அல்ல. பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் பெயர்களை முடிவாகக் கொடுக்க வேண்டுமாம், உக்கடத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் அன்வரிடம்.

சரசுவிடம் பட்டியலைக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தாள். "செரி, இருக்கட்டுமுங்க" என்றாள். மாவைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான்.

பி.பி. மாத்திரை போட்டாயிற்று. கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. குழாய் அடியில் இருக்கும் ஃபுட்வால்வு போயிருக்கும்.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில். கா. 10 மணிக்கு ஜெராக்ஸ் கடை. செந்தில் பட்டியலோடு அனுப்பிய கப்பலின் தள வரைபடத்தைப் பெரிய தாளில் எடுத்தேன், நான்கு தாள், ஒட்டிவிட்டேன். கடைக்காரப் பெண், "கப்பல் வாங்கப் போறீங்களாங்க?" என்றாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன்.

என் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. டிராயிங் படிக்க நானே பழகினேன். முப்பத்தெட்டு வருடம் லேத் பட்டறை, இந்தப் பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புக்கு எத்தனை ஷாஃப்ட் கடைந்து கொடுத்திருப்பேன். இந்தப் படம் எனக்கு எம்மாத்திரம்.

சிவப்புப் பென்சில், ஸ்கேல், பூதக்கண்ணாடி. கண்ட குறைகள்:

1. அறை 1-க்கு நேர் மேலே பெயர் எழுதாத வெள்ளை இடம். பெயர் எழுதாமல் விட்டால் சமையற்கட்டாகத்தான் இருக்கும். விடிவதற்கு முன் பாத்திரம் உருட்டுவார்கள்.
2. அறை 2 லிஃப்டை ஒட்டி. போவோர் வருவோர் பேச்சு.
3. ஏணிக் கட்டிலில் யார்? மாப்பிள்ளை தொண்ணூற்றிரண்டு கிலோ. அவருக்குக் கீழே நான் படுப்பதா?

மூன்றையும் செந்திலுக்கு அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. மேலே இருப்பது நூலகமாம். லிஃப்ட் பக்கம் இருப்பது அம்மா முட்டிக்கு நல்லதாம். ஏணியில் அவனே ஏறிக்கொள்கிறானாம்.

நான்காவது காரணத்தை அனுப்பவில்லை. எழுபத்து நான்கு வயதில் அதை மகனிடம் எப்படி எழுதுவது.

மதியம் சத்தியமங்கலத்துக்குப் போன் போட்டு சுமதியைக் கேட்டேன், இதெல்லாம் யார் யோசனை என்று. அவள் சிரித்தாள்.

"ஏனுங்கப்பா, தீபாவளியன்னைக்கு அண்ணன் உங்களைக் கேக்கலீங்களா? தனி ரூமு போடட்டுமான்னு கேட்டுச்சு. நமக்கெதுக்குடா தனி ரூமு, எப்படியோ போடுன்னு நீங்கதான் சொன்னீங்க. அம்மாவும் ஆமான்னாங்க."

சொன்னேன். இல்லையென்று எழுத மாட்டேன். ஆனால் எதிரில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார், மருமகள் முறுக்குத் தட்டோடு நின்றாள். அவர்கள் முன்னால், ஆமாம், எனக்கும் என் சம்சாரத்துக்கும் தனி அறை வேண்டும் என்று எந்த மனிதன் சொல்வான்? நம் பக்கம் யாரைக் கேட்டாலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். பந்தியில்கூட ஒருவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறோமா? மூன்று தடவை கேட்டுத்தான் இலையில் வைக்கிறோம். செந்தில் ஒரு தடவை கேட்டான். ஒரு தடவை கேட்டால் அது கேட்டதாகாது. பெங்களூர் போய்ப் பதினெட்டு வருடம், மறந்துபோய்விட்டது அவனுக்கு.

தவறு அவனுடையதே.

நவம்பர் 5, புதன்

மேகமூட்டம். மழை இல்லை.

பஸ்ஸில் காந்திபுரம், அங்கே மாறி உக்கடம். அன்வர் தம்பி நல்ல மாதிரி. அவர் அப்பாவையும் தெரியும், கோட்டைமேட்டில் பெட்டி, பை செய்து விற்றவர். டீ வரவழைத்தார். இரண்டு அறை இருக்கிறது என்றார். ஒன்று மூன்றாம் தளம், கப்பலின் நட்டநடுவில், உள்ளறை, ஜன்னல் கிடையாது. இன்னொன்று எட்டாம் தளம், கடைசிப் பின்பக்கம், பால்கனி உண்டு. நாங்கள் இருவரும் ஒன்றை எடுத்துக்கொண்டால் மற்ற நால்வரும் ஜோடி ஜோடியாக அறை 1, 2-இல் போய்விடலாம். அவர் ஒரு நிமிடத்தில் சொன்னது செந்திலுக்குத் தோன்றவில்லை.

நான் உள்ளறையைப் பிடித்துவைக்கச் சொன்னேன். கப்பல் அலையில் ஏறி இறங்கும்போது நடுவில் ஆட்டம் குறைவு, கோடியில்தான் அதிகம். பின்பக்கம் புரொப்பெல்லருக்கு நேர் மேலே, அதிரவும் செய்யும்.

"அம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா ஐயா?"

"அதுல கேக்க என்ன இருக்குதுங்க தம்பி."

ஆனால் ஒரு சிக்கல். பதிவு செந்தில் பெயரில். அவன் சம்மதம் அனுப்பாமல் எதையும் மாற்ற முடியாது. பட்டறை நடத்தி அவனைப் படிக்கவைத்தேன். இப்போது நான் எங்கே படுக்க வேண்டும் என்பதற்கு அவன் கையெழுத்து.

வீட்டுக்கு வந்து சரசுவிடம் சொன்னேன். நமக்கு மட்டும் ஓர் அறை, நடுவில், ஆடாது, சரியா என்றேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "உங்க இஷ்டமுங்க" என்றாள். சரி, முடிந்தது.

நான்காவது காரணத்தை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஐம்பது வருடத்தில் போன ஊர்கள்: பழனி (எத்தனையோ தடவை), திருப்பதி, ராமேசுவரம், காசி. எல்லாம் கூட்டத்தோடு. எல்லா இடத்திலும் ஆண்கள் ஒரு கூடம், பெண்கள் ஒரு கூடம். வெளியூரில் ஓர் அறை, ஒரு சாவி, நாங்கள் இருவர் மட்டும் என்பது ஒரு தடவைகூட இல்லை.

காசி, பதினான்கு வருடம் முன்பு. பெண்கள் கூடத்தில் சரசுவுக்குக் கடுங்காய்ச்சல். நடுக்கம். நான் எதிர்க் கூடத்தில், நாற்பது அடி தூரத்தில். காலையில் டீ வந்தபோதுதான் யாரோ சொன்னார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன், உதடு வெடித்துக் கிடந்தாள். ஏன் கூப்பிடவில்லை என்று கோபித்தேன். அத்தனை ஆம்பளைகள் படுத்திருக்கிற இடத்தில் எப்படி வந்து கூப்பிடுவது என்றாள்.

இனி ஒரு தடவை அப்படி நடக்க விட மாட்டேன். இதுதான் காரணம். வேறு இல்லை.

ஃபுட்வால்வு பார்க்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

மழை பலம். கரண்டு இரண்டு முறை போனது. பி.பி. 160/95.

செந்தில் மறுத்துவிட்டான். அன்வரைக் கூப்பிட்டு, தன்னைக் கேட்காமல் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறான். பதினொரு மணிக்கு நானே கூப்பிட்டேன். அரை மணி நேரம். அவன் சொன்னதையே சொன்னான், நான் சொன்னதையே சொன்னேன். சமையற்கட்டு, நூலகம், ஏணி, லிஃப்ட். கடைசியில் அவனுக்கும் குரல் ஏறிவிட்டது.

"ரெண்டு பேரும் வயசானவங்க. தனியா இருக்கறப்ப ஏதாச்சும் ஆச்சுன்னா யாருங்கப்பா பாக்கறது?"

"காசியில யாருடா பாத்தாங்க?"

அவனுக்குப் புரியவில்லை. காசிக் காய்ச்சல் அவனுக்குத் தெரியாது. நாங்கள் சொன்னதில்லை. சொன்னேன்.

கொஞ்சம் இறங்கினான். ஆனாலும் விடவில்லை. "அம்பது வருசமா ஒண்ணாத்தானுங்க இருக்கறீங்க. நாலு நாள்ல என்னங்கப்பா ஆயிரும்?"

அப்போது வாயில் வந்துவிட்டது.

"வெளியூர்ல ஒரு ரூமு, ஒரு சாவி, நானும் உங்கம்மாளும் மட்டும். எங்க, எப்ப இருந்தோம்னு நீ சொல்லு. ஒரு ஊர் பேரு சொல்லு. நான் உன்ற பட்டியலுக்கே ஒத்துக்கறேன்."

போனில் அவனுக்குப் பின்னால் திவ்யா இருமியது கேட்டது. அவன் போனைச் சத்தமாக வைத்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். மருமகள் முழுவதும் கேட்டிருக்கிறாள்.

வைத்துவிட்டேன். காது சுட்டது.

திரும்பினால் இங்கேயும் மிக்சி நின்றிருந்தது. சரசு சமையலறை வாசலில் நிற்கவில்லை, உள்ளேதான் இருந்தாள். ஆனால் மிக்சி நின்றிருந்தது.

மதியம் ரசம், பீன்ஸ் பொரியல். நான் சாப்பிட்டு எழுந்தேன், அவள் இலையை எடுத்தாள். மாலை வரை பின்கட்டிலேயே வேலை வைத்துக்கொண்டாள். கோபமா, வெட்கமா, தெரியவில்லை. ஐம்பது வருடம் ஆகியும் தெரியவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

வெளிச்சம். தென்னையில் கிளிகள்.

காலை எட்டுக்கு மாப்பிள்ளை போன். சுமதி அவரிடம் சொல்லியிருக்கிறாள், அவளிடம் திவ்யா. என் பேச்சு ஒரே நாளில் பெங்களூர் போய் சத்தியமங்கலம் வந்துவிட்டது.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. எனக்கும் அதேதானுங்க. மச்சானோட படுக்க நான் எதுக்குங்க கொச்சி வரைக்கும் போகோணும்? ஆனா எப்படிங்க வாயைத் திறக்கறது. நீங்க சொன்னது நெம்ப நல்லதாப் போச்சுங்க."

அவரும் தீபாவளியன்று எப்படியோ போடுங்க என்று சொன்னவர்தான்.

சரசு காப்பி கொண்டுவந்து வைத்தாள். வரைபடம் மேசையில் விரித்துக் கிடந்தது. சிவப்பு வட்டம் போட்ட உள்ளறையை விரலால் தொட்டாள்.

"இதுல சன்னல் எங்கீங்க?"

இல்லை, உள்ளறை, ஆனால் ஆடாது என்றேன்.

"சன்னலே இல்லாத ரூமுக்குக் கடல்ல எதுக்குங்க போகோணும். நம்மூட்டு ஸ்டோர் ரூமுல ரெண்டு பாயைப் போட்டாப் போதாதா. அதுவும் ஆடாது."

கேட்டபோது உங்க இஷ்டம் என்றாயே என்றேன். நீங்க கேட்டது ஒரு தடவை என்றாள். டைரியைப் படித்திருக்கிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது. அவளுக்கு அதற்கு அவசியமில்லை.

எதிர் நாற்காலியை இழுத்து உட்காரச் சொன்னேன். கேட்டேன், எந்த அறை வேண்டும் என்று. "நீங்க பாத்துச் செஞ்சாச் செரிங்க." மறுபடி கேட்டேன். "ஆட்டமா இருந்தா உங்களுக்கு ஆகாதுங்களே." மூன்றாவதும் கேட்டேன். காப்பி டம்ளரைத் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள்.

"கடல் தெரியோணுமுங்க. காலையில எந்திரிச்சா தெரியோணும். ராமேசுவரத்துல பொம்பளைங்க கடல்ல குளிக்கையில நான் அவங்க துணிக்குத்தான் காவலிருந்துட்டு வந்தேன்."

எட்டாம் தளம்.

மதியம் அன்வருக்குப் போன். பின்பக்க அறை இன்னும் இருக்கிறது. வேறு ஒருவரும் கேட்டிருக்கிறாராம். நாளை பன்னிரண்டு தாண்டினால் உத்தரவாதம் இல்லை.

செந்திலிடமிருந்து ஒன்றும் இல்லை. நான் கூப்பிட மாட்டேன். சரசு கூப்பிட்டாள். பின்கட்டில் நின்று பேசினாள், இரண்டு நிமிடம்கூட இல்லை. என்ன சொன்னாய் என்றேன். "எனக்கும் அதுதான் வேணும்னு சொன்னேனுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 8, சனி

கா. 6 மணி. தூறல் நின்றிருக்கிறது. செந்திலிடமிருந்து ஒரு வரி: யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி அனுப்புங்கப்பா. எழுதுகிறேன். இதில் மாற்றம் கிடையாது.

செந்தில்: சம்மதத்தைப் பத்து மணிக்குள் அன்வருக்கு அனுப்ப வேண்டும். பன்னிரண்டு வரை இழுக்கக் கூடாது. அறை 1 அவனுக்கும் திவ்யாவுக்கும். இனி எதைக் கேட்டாலும் மூன்று தடவை கேட்க வேண்டும்.

அன்வர் தம்பி: எட்டாம் தளம், பின்பக்கம், பால்கனி. என் பெயரும் சரசு பெயரும், ஆதாரில் உள்ளபடி. உள்ளறையை விட்டுவிடலாம்.

மாப்பிள்ளை: பாத்ரூமுக்கு வழுக்காத ரப்பர் விரிப்பு, இரண்டு. செந்தில் வாய் மூட அது போதும். அறை 2 அவருக்கும் சுமதிக்கும். ஏணி தேவையில்லை.

சுமதி: அம்மாவுக்கு முட்டிப் பட்டை, காய்ச்சல் மாத்திரை. எங்கள் அறைக்கு வரும்போது போன் செய்துவிட்டு வர வேண்டும்.

திவ்யா: கேட்டதைக் கேட்டதாகக் காட்டாமல் இருந்தால் போதும்.

அன்வர் அனுப்பிய படிவத்தில் கட்டில் சேர்த்தா, பிரித்தா என்று ஒரு கட்டம்: சரசுவே டிக் போட்டாள். எது என்று இங்கே எழுதவில்லை.

நான்: ஃபுட்வால்வு, இன்றே. பின்பக்கம் அதிரும், அது எனக்குத் தெரியும். நான்கு நாளும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

சரசு: சாவி அட்டை அவளிடம் இருக்க வேண்டும். நான் கதவைத் தட்டிக்கொள்கிறேன்.