உன் கண்ணுக்கு வந்தது மெட்ராஸ் ஐ இல்லை, அண்ணா

என் உயிர் அண்ணனுக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. சில மாதங்களுக்கு முன் என் வலது கண் சிவந்தது. பூளை கட்டவில்லை, வெளிச்சம் பட்டாலே உள்ளே குத்தியது. விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் எல்லோரும் மெட்ராஸ் ஐ என்றார்கள். நீ சொன்ன அதே வலி.

அன்றே முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா கருவியில் என் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தார்.

"இது மெட்ராஸ் ஐ இல்லம்மா. கண்ணுக்குள்ள அழற்சி. விட்டா கண்பாப்பா லென்ஸோட ஒட்டிக்கும், பார்வை போயிடும். காலையில எழுந்தா இடுப்பு புடிச்சிக்குதா?"

"ஆமாங்க. எங்க அண்ணனுக்கும் அப்படித்தான்."

"அவர் கண்ணு எப்படி இருக்கு?"

"அவரே இப்ப இல்லீங்க" என்றேன், அண்ணா.

திண்டிவனத்தில் நீ பைக் ரிப்பேர் கடை வைத்திருந்தாய். இடது கண் சிவந்த அன்று, "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரலாமா?" என்று கேட்டாய். "மெட்ராஸ் ஐக்கு எதுக்குண்ணா ஆஸ்பத்திரி? பேஜாரு பண்ணாத" என்று சொல்லி, மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கித் தந்தவள் நான்தான். நாலு நாளில் சிவப்பு போனது, நிறுத்திவிட்டாய். திரும்ப வந்தது. திரும்பவும் அதே மருந்து. கடைசியில் டாக்டரிடம் போனபோது அந்தக் கண்ணில் பார்வை ஒன்றும் மிஞ்சவில்லை. பைபாஸைக் கடக்கையில் இடது பக்கம் வந்த வேனை நீ பார்க்கவேயில்லை.

என் கண் பிழைத்துவிட்டது. கண்பாப்பா விரிய ஒரு சொட்டு, அழற்சி அடங்க ஒரு சொட்டு. மணிக்கொரு தடவை போட்டதை வாரவாரம் குறைத்தார்கள். "தெளிஞ்சிடுச்சுன்னு நீங்களா நிறுத்தாதீங்க" என்றார் டாக்டரம்மா. இதை உனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை?

இடுப்பு விறைப்பும் இந்தக் கண் அழற்சியும் ஒரே நோயிலிருந்து வருமாம்; சில குடும்பங்களில் அது தொடருமாம். உன் மகளுக்கும் காலையில் இடுப்பு விறைக்கிறது என்று கேள்விப்பட்டு, நேற்று அண்ணியைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைத் தடுத்தது நான்தான் என்பதையும்.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "எனக்குத் தெரியும்மா. 'தங்கச்சிகிட்ட இதப் பத்திக் கேட்டுடாத, அவ தாங்கமாட்டா'ன்னு கண்ணு போனப்பவே உங்க அண்ணன் சொல்லிட்டாரு" என்றார்.

என்னைத் திட்டியிருக்கலாமே, அண்ணா. ஒரு வார்த்தையாவது திட்டியிருக்கலாமே.

திங்கட்கிழமை உன் மகளை டாக்டரிடம் காட்டப் போகிறோம். அவளுக்கு ஒரு குறையும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
செல்வி